குழாயின் வாய் எந்தப் பக்கம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், எதிர்வீட்டுப் பிள்ளை தன் கைப்பேசியை என் காதருகே பிடித்து, ஐந்து விதமான சத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்தான். பொறியியல் படித்தவன்; நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையைத் தகப்பனாருக்குப் பிறகு ஏற்று நடத்துகிறவன். யுத்த காலத்துப் பழைய லாரி ஒன்றை யாருடைய தோப்பிலிருந்தோ மீட்டுக் கொண்டுவந்து, ஓராண்டாக அதற்கு உயிரூட்டிக்கொண்டிருக்கிறான். சுமை ஏற்றுவதற்காக அன்று, காட்சிக்காக. வர்ணம் பூசியாயிற்று. மர இருக்கை செய்தாயிற்று. இஞ்சினும் இணங்கிவிட்டது. மீதமிருப்பது சைலன்சர் ஒன்றுதான். அதாவது, இஞ்சின் வெளிவிடும் புகையையும் இரைச்சலையும் வாங்கி, அடக்கி, குழாய் வழியே வெளியேற்றுகிற இரும்பு உருளை. எதைப் பொருத்தினால் அந்தக் காலத்து வண்டியாகவே ஒலிக்கும் என்று கேட்டறியத்தான் என்னிடம் வந்திருந்தான்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க தாத்தா. லாரி வெச்சிருந்தவங்க நீங்க. அப்ப ஓடுன வண்டியெல்லாம் இதுல எந்தச் சத்தமுங்க?"

எனக்கு வயது எண்பத்தெட்டு. கண்ணில் புரை எடுத்தாயிற்று. பற்களில் பாதி நான் பிறந்தபோது வாக்களிக்கப்பட்டவை அல்ல. படியேறுவதற்கு முழங்காலிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. காது மட்டும் பழுதில்லை. பரிசோதித்த மருத்துவர் இந்த வயதில் இப்படிப்பட்ட காதைத் தாம் கண்டதில்லை என்று வியந்தபோது, மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐந்து சத்தங்களும் எனக்குத் துல்லியமாகக் கேட்டன. நான்காவது ஒலித்தபோது, "இதுதான்" என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் மூடிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் சாமி என்று அவனை அனுப்பிவைத்தேன்.

அவன் போன பிறகும் கூடத்தில் ஒரு வாசனை தங்கியிருந்தது. டீசலும் பொசுங்கிய கோணிச்சாக்கும் கலந்த வாசனை. பட்டறையில் சூடான குழாயைச் சாக்கால் பிடித்திருப்பான் போலும். பட்டறையில் வேலை செய்கிறவர்களின் சட்டையில் அது வராமல் இராது. ஆனால் அந்த வாசனை எனக்கு ஒரு மனிதருடைய கால்களை நினைவூட்டுகிறது. பாதங்களுக்குக் கீழே ஈரச்சாக்கை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டு, அதன்மேல் மிதித்தபடி லாரி ஓட்டிய ஒருவருடைய கால்கள். அவரைப் பற்றி எழுதவே உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி வாசலை மிதித்தவன் அல்லன் நான். மளிகை கட்டிவந்த பழைய பத்திரிகைகளை லாரியில் உட்கார்ந்தபடி படித்துத் தமிழ் கற்றேன். ஆகையால் என் வாக்கியங்கள் சற்றே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். நண்பரே, தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில். கிணறும் பத்து ஏக்கர் காடும், அதாவது புன்செய் நிலமும், உடைய குடும்பம். ஐம்பதுகளின் பிற்பகுதியில், என் தகப்பனார் யாரும் எதிர்பாராதபடி இராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை வாங்கி வந்தார். மூக்கு நீண்ட, பச்சை வர்ணம் உதிர்ந்த, பெட்ரோலில் ஓடுகிற வண்டி. அதை நிர்வகிக்கும் பொறுப்பு இருபத்திரண்டு வயதான எனக்கு வந்தது. நிர்வாகம் என்றால், டிரைவருக்கு இடப்பக்கத்தில் அமர்ந்துகொண்டு, முழங்கையை வெளியே நீட்டி, எதிர்ப்படுகிறவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வருவது. அந்த வேலையை நான் சிறப்பாகவே செய்தேன்.

டிரைவர் சூசை. சேலம் நகரத்துக் கிறிஸ்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டி நிற்கிற இடங்களில் மற்ற டிரைவர்கள் சீட்டு விரித்தால், அவர் இருக்கைக்கு அடியிலிருந்து அட்டை கிழிந்த ஜெபப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். அவருடைய கவனமெல்லாம் காதில் இருந்தது. ஓடுகிற வண்டியைத் திடீரென்று ஓரங்கட்டி, மூணாவது சிலிண்டர் லேசா இருமுதுங்க சின்னவரே என்பார். எனக்கு எந்த இருமலும் கேட்டிராது. இறங்கி மூடியைத் திறந்து பார்த்தால் அவர் சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும். சின்னவரே என்றுதான் என்னை அழைப்பார். என் தகப்பனார் பெரியவர். நான் அவரை வாங்க போங்க என்று பேசினாலும், 'அண்ணே' என்று ஒருநாளும் அழைத்ததில்லை. சூசை என்பதே போதுமானதாக எனக்குத் தோன்றியிருந்தது.

அந்நாளில் லாரிகளைக் கண்ணால் அடையாளம் கண்டவர்களைவிடக் காதால் கண்டவர்களே மிகுதி. நாமக்கல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், வண்டி வளைவு திரும்புமுன்னரே அது யாருடையது, வெற்று வண்டியா சுமை வண்டியா என்று சொல்லிப் பந்தயம் கட்டுவார்கள். காட்டில் களையெடுக்கிற பெண்கள் தலை நிமிராமலே சொல்லுவார்கள். லாரி வைத்திருந்த வீடுகளில் தொலைவில் சத்தம் கேட்ட பிறகுதான் உலையில் அரிசி போடுவது. வண்டி வாசலுக்கு வரவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும். எங்கள் வண்டியோ, வடிவமைத்த நிபுணர்கள் புத்திசாலிகள் போலும், நீளமான இரட்டை அறைச் சைலன்சர் ஒன்றோடு வந்தது. முறத்தில் அரிசி புடைக்கிற அளவுக்குத்தான் அது ஓசையிட்டது. அதுவே எனக்கு வினையாயிற்று.

இராசிபுரத்துப் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். லாரியிலேதான் போனோம், வேறெதற்காக லாரி வைத்திருப்பது? வீட்டு முன்னால் வண்டி நின்று, நாங்கள் இறங்கி, செருப்பைக் கழற்றும்வரை ஒருவரும் வெளியே வரவில்லை. பெண்ணின் பெரியப்பா, ஊர்ப் பெரியதனக்காரர், மேல்துண்டை அப்போதுதான் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வரவேற்கத் தவறிய குறையை மறைக்கவோ என்னவோ, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"ஏனுங்க மாப்ளே, லாரி வந்து நின்னதே தெரியலீங்களே. பாலுக்கு வந்த பூனையாட்டம் வந்து நிக்குது."

ஆண்கள் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் வளையல்கள் சிரித்தன. அவற்றுள் எனக்கு மனைவியாகப் போகிறவளுடைய வளையலும் இருந்திருக்கும் என்ற எண்ணம் திரும்பி வருகிற வழியெல்லாம் என்னை வதைத்தது. பெண்ணை உறுதி செய்தாயிற்று. அது முக்கியமாகப் படவில்லை. பக்கத்தில் சூசை சமாதானமாகச் சொன்னார், சத்தமில்லாம ஓடறதுதாங்க நல்ல வண்டி என்று. ஏவாத வேலைக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தேன்.

இப்போது சைலன்சரைத் தேர்ந்தெடுத்த நாளுக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

பெட்ரோல் கட்டுப்படியாகாமல் பலர் இஞ்சினை மாற்றி டீசல் இஞ்சின் பொருத்திய காலம் அது. நாங்களும் மாற்றினோம். செவ்வாய்ப்பேட்டைக்கு அப்பால் புளியமர நிழலில் இருந்த ஒரு பட்டறையில் அந்த வேலை நடந்தது. பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைத்தார்கள். முழுக்கை பனியன், காதில் ஒரு துண்டுப் பென்சில், எதையும் இரண்டு முறை அளக்கிற பழக்கம். புது இஞ்சினுக்குப் பழைய சைலன்சர் சேராது. புகை வெளியேற இடம் போதாமல் இஞ்சின் திணறும் என்று விளக்கினார். பிறகு, தாம் செய்து வைத்திருந்த மூன்றைக் கொண்டுவந்து தரையில் கிடத்தினார். முதலாவது, பழையதைப் போலவே நீளமானது, இரண்டு அறைகள், உட்குழாய் மட்டும் அகலம். இரண்டாவது, ஓர் அறை. மூன்றாவது, முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை. உள்ளே தடுப்பு ஏதும் கிடையாது. இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் புளியமரம் தெரிந்தது. விலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஒவ்வொன்றையும் தற்காலிகமாக மாட்டி இஞ்சினை ஓட்டிக் காட்டினார். முதலாவதற்குச் சூசை கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில், நல்ல காப்பியின் முதல் மிடறை விழுங்கியவரின் நிறைவு தெரிந்தது. இரண்டாவதற்கு ஆகட்டும் என்பதுபோல் தலையசைத்தார். மூன்றாவதை மாட்டி மிதித்தபோது, மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் எழுந்தன. பக்கத்து டீக்கடையில் அடுக்கியிருந்த கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. சாலையில் போன மாட்டுவண்டியின் மாடு ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. எனக்கோ நெஞ்சுக்கூடே அதிர்ந்து விரிந்தது. இராசிபுரம் வீட்டில் கதவுக்குப் பின்னால் வளையல்கள் அடங்கிப்போவதை நான் அங்கேயே கண்டுவிட்டேன்.

சூசை இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி என்னிடம் வந்தார்.

"மொதல்லதே போட்டுக்கலாங்க சின்னவரே. இது ரெண்டு நாளைக்கு நல்லாருக்கும். அப்புறம் காதுக்குள்ளயே குடிவந்துருங்க. எனக்கு வண்டி பேசறது கேக்கோணும்."

பாயும் அவர் பக்கமே பேசினார். முதலாவதில் உட்குழாய் அகலமாக இருப்பதால் சுமை இழுப்பதில் குறைவிராது என்றார். இருவரும் ஒரே பக்கம் நின்றது என் இருபத்திரண்டு வயதுக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்டறது நீங்கதானுங்க. ஊருக்குள்ள பேரு என்னுதுங்க," என்றேன்.

அந்த வாக்கியத்தில் மரியாதை விகுதியில் மட்டுமே இருந்தது. சூசை கையைத் துடைத்துக்கொண்டார். பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்து, வேலையில் அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டார். அறுபத்தைந்து ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அதுதான்.

"கொழா வாயி எந்தப் பக்கம் வெக்கட்டும் தம்பி? பின்னால கொண்டுபோனா சத்தம் கொறையும். பக்கவாட்டுல வெட்டி விட்டா நல்லா அதிரும். உங்க பக்கமா, டிரைவர் பக்கமா?"

எனது பக்கம் விட்டால் புகையும் சூடும் சத்தமும் என் காலடியில். நான் வெள்ளை வேட்டி கட்டுகிறவன். ஒரு கணம்கூட யோசித்ததாக நினைவில்லை. வலது கையை நீட்டி, டிரைவர் ஏறுகிற கதவைக் காட்டினேன். வாயால் சொல்லக்கூட இல்லை. பாய் அந்தக் கதவுக்குக் கீழே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். சூசை அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சத்தம் என்னைப் பெரிய மனிதனாக்கியது என்பதை மறைக்கமாட்டேன். எங்கள் வண்டி இரண்டு மைல் தொலைவிலேயே தெரிந்தது. டீக்கடையில் எங்கள் வண்டிக்குப் பந்தயம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். தெரிந்ததற்கு யார் பந்தயம் கட்டுவார்? கலியாணத்துக்குப் பிறகு மாமனார் ஊருக்குப் போனபோது பெரியப்பா மேல்துண்டோடு வாசலிலேயே நின்றிருந்தார். மாப்பிள்ளை வருவது மலைக்கு அந்தப் பக்கமே தெரிந்துவிட்டது என்று சொல்லி, தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அந்த ஆண்டு அவருடைய கடலை முழுவதையும் சேலத்து எண்ணெய் ஆலைக்கு ஏற்றுகிற வேலை எங்கள் வண்டிக்கு வந்தது. நான் வாரத்தில் ஒன்றிரண்டு நாட்கள் மட்டுமே கூடப் போவேன். மற்ற நாட்களிலும் சத்தம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. அதை ஓட்டிக்கொண்டு போனவர் சூசை.

சூடு தாங்காமல் குழாய்க்குக் கல்நார்க் கயிறு சுற்றிப் பார்த்தார். பிறகு ஈரச்சாக்கை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டார். அது காய்ந்து பொசுங்கும்; மறுபடியும் நனைப்பார். காதில் தேங்காயெண்ணெயில் தோய்த்த பஞ்சு. இரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று இடங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. முதல்முறை மல்லூர் டீக்கடையில்: வலது காதில் வண்டு பூந்தது போல ஓயாமல் ரீங்காரம் இருக்கிறதென்றும், குழாயைப் பின்னால் தள்ளிவிட்டால் தேவலை என்றும். கடலை ஓட்டம் முடியட்டும் என்றேன். இரண்டாம் முறை ஓமலூர்ச் சந்தையில்: கிழங்கு ஓட்டம் முடியட்டும் என்றேன். மூன்றாம் முறை எங்கள் வீட்டுக் களத்தில், கிறிஸ்துமஸ் கழிந்து வேலைக்குத் திரும்பிய காலையில். நடுச்சாமப் பூசைக்குப் போயிருந்தாராம்.

"கோயில் மணி அடிச்சு ஓஞ்சதுன்னு பக்கத்துல இருந்தவங்க மண்டி போட்டாங்க. எனக்கு ஓயவே இல்லீங்க. எல்லாரும் எந்திரிச்ச பெறகுதான் நான் மண்டி போட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அதற்குள் அவரிடம் எதையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று கேட்டால் வேறொன்று பதிலாக வரும். ஊரில் என் சேக்காளிகளிடம் அதை நடித்துக் காட்டி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இதையும் எழுதிவிடுவது நலம்.

மாசி மாதத்தில் ஒருநாள், பெரியப்பாவின் கடலை மூட்டைகளோடு சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அன்று நான் வண்டியில் இருந்தேன். மல்லூரைத் தாண்டியதும் இஞ்சின் ஒரு பெரிய அதிர்வோடு நின்றது. கறுப்பு எண்ணெய் சாலையில் ஒழுகியது. இன்னொரு லாரி கட்டி இழுத்துவந்து பாயின் பட்டறையில் விட்டது. ஆலையில் காத்திருந்த பெரியப்பா செய்தி கேட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். வேறு இரண்டு மூன்று லாரிச் சொந்தக்காரர்களும் வேலையாக வந்து நின்றிருந்தார்கள்.

பாய் இஞ்சினுக்கு அடியில் படுத்து, தட்டைக் கழற்றி, தூளாகப்போன பேரிங் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். இது திடீரென்று போனதன்று. அஞ்சாறு மைலாவது உள்ளே டொக்கு டொக்கென்று தட்டியிருக்கும். அப்போதே நிறுத்தியிருந்தால் பேரிங்கோடு போயிருக்கும், இப்போது இஞ்சினே போயிற்று என்றார். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு மைலு தட்டியிருக்குதாமுங்க மாப்ளே. வண்டில யாருக்குமே காது இல்லீங்களா?"

வண்டியில் யாருக்கும் அது கேட்டிருக்காது. கதவுக்கு அடியில் அந்தக் குழாய் முழங்கிக்கொண்டிருந்தபோது, இஞ்சின் அழுதால் என்ன, அலறினால் என்ன? இதை அந்த இடத்தில் அறிந்தவர்கள் இரண்டு பேர், பாயும் நானும். சூசை ஓரடி தள்ளி நின்று, எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எண்ணெய்க் கறை. அவருக்குக் கேட்கவில்லை என்பதை நான் அறிந்திருந்தேன். நண்பரே, அதை அறிந்துகொண்டுதான் பேசினேன்.

"டிரைவருக்குக் காது போயிருச்சுங்க மாமா. எங்கிட்டச் சொல்லாம மறைச்சுட்டாருங்க."

நான் தம்மைக் காட்டிப் பேசுகிறேன் என்பது சூசைக்குத் தெரிந்தது. என்ன பேசினேன் என்பது தெரியவில்லை. இஞ்சினைப் பற்றித்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார். வருத்தத்தோடு தலையை அசைத்து, "ஆமாங்க," என்றார்.

அங்கிருந்த லாரிச் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காது கேட்காததை மறைத்து வண்டி ஓட்டினவன், கேட்டால் ஆமாம் என்றும் ஒப்புக்கொள்கிறான். அதற்குமேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? அன்று பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி சேலம் முழுவதும் போயிருக்கும். காது போனவன் என்பதைப் பொறுத்துக்கொண்டு, மெதுவாக ஓடுகிற வண்டியையாவது எவராவது கொடுத்திருக்கக்கூடும். மறைத்தவன் என்ற பெயருக்கு ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். லாரித் தொழிலில் அது அப்படித்தான்.

பெரியப்பா அவரை வேலையிலிருந்து அங்கேயே நிறுத்திவிடச் சொன்னார். நான் சூசையிடம் போய், இனி வர வேண்டாம் என்றேன். அவர் கையைக் காதருகே குவித்துக்கொண்டு, அடுத்த லோடு எப்பங்க என்று கேட்டார். மறுபடியும் சொன்னேன். வண்டி ரிப்பேராகி வர எத்தனை நாளாகுமுங்க என்றார். மூன்றாம் முறை நான் சொன்னது சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் தலையை ஆட்டினார். இருக்கைக்கு அடியிலிருந்த ஜெபப் புத்தகத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டார். காலடியிலிருந்த சாக்கை எடுத்து உதறி, மடித்து, பழைய இடத்திலேயே வைத்தார். அடுத்து வருகிற டிரைவருக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்தார் போலும்.

அவர் சாலைக்கு ஏறிய பிறகு பாய் பேரிங் தூளை ஒரு தகரத்தில் கொட்டிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நீங்களும் வண்டிலதான இருந்தீங்க தம்பி."

தகரத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழையபடி இஞ்சினுக்கு அடியில் படுத்தார். எங்கள் வண்டி வேலையைக் குறைவில்லாமல் செய்து கொடுத்தார். புது டிரைவராக வந்தவன் என் வயதுக்காரன், வாய்த்துடுக்குள்ளவன். முதல் நாள் ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பியவன், உடனே நிறுத்திவிட்டு இறங்கினான். இந்தக் கொட்டுமேளத்த வெச்சுக்கிட்டு எவனுங்க ஓட்டுவான், பின்னால தள்ளிக் குடுத்தா ஓட்டறேன், இல்லேன்னா வேற ஆளப் பாருங்க என்றான். பாயிடம் விட்டேன். நீளச் சைலன்சரை மாட்டி, குழாயின் வாயை வால்பக்கம் கொண்டுபோய்விட்டார். அரைநாள் வேலை. சூசை மூன்று முறை கேட்டது அந்த அரைநாளைத்தான்.

அதன்பின் அவரை நான் ஒரே ஒருமுறை கண்டேன். இரண்டு ஆண்டுகள் சென்றிருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகள் உள்ள சந்து. எதிரும் புதிருமாக வண்டிகள். எங்களுக்கு முன்னால் மிளகாய் மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். கைவண்டி ஒதுங்கவில்லை. தலையை வெளியே நீட்டி, இழுத்துக்கொண்டு போகிறவருடைய காதையும் குலத்தையும் சேர்த்து வைதான். அப்போதுதான் அந்தப் பிடரியை நான் கவனித்தேன். உடனே முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, இருக்கையில் சரிந்து உட்கார்ந்தேன்.

எதிரே வந்தவர்கள் கைகாட்டியதைப் பார்த்து அவர் திரும்பினார். வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். கைவண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். மாட்டின் நெற்றியில் கை வைப்பதைப் போல. சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு குனிந்து, டிரைவர் கதவுக்குக் கீழே பார்த்தார். அங்கே குழாய் இல்லை. இன்னும் குனிந்து, அது பின்னால் போவதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணாடி வழியே என்னைக் கண்டார். கைகூப்பினார். காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், சந்து முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"பின்னால மாத்திட்டீங்களாங்க சின்னவரே. நல்லதுங்க. ஓட்டறவங்களுக்கு நல்லதுங்க."

குத்திக் காட்டினாரா என்று இத்தனை ஆண்டுகளில் ஆயிரம் முறை என்னைக் கேட்டிருக்கிறேன். குத்திக் காட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் முகத்தில் அது இல்லை. இறங்கியிருக்கலாம். சொன்னால் கேட்காது என்பது ஒரு சாக்கா? அவர் படிக்கத் தெரிந்தவர். ஒரு துண்டுக் காகிதத்தில், மறைத்தது நீங்கள் அல்ல, பொய் சொன்னது நான் என்று எழுதிக் கையில் கொடுத்திருந்தால், எங்கே வேண்டுமானாலும் அதை அவர் கொண்டுபோய்க் காட்டியிருப்பார். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று இருந்தது. டிரைவர் கியரைத் தட்டினான். வண்டி நகர்ந்தது. அந்தக் காகிதத்தை எழுதாத நான்தான் பிற்பாடு பத்திரிகைத் தமிழ் கற்று, இப்படி வாக்கியம் வாக்கியமாக அடுக்குகிறேன்.

நேற்று அந்தப் பிள்ளையின் பட்டறைக்குப் போயிருந்தேன். வண்டி அழகாக நிற்கிறது. இரண்டாவது சத்தத்தைப் பொருத்து சாமி, நான்காவது வேண்டாம் என்றேன். ஏனுங்க தாத்தா, நாலாவது கேட்டப்ப வாயெடுத்தீங்களே, அதுதான் அந்தக் காலத்துச் சத்தமில்லீங்களா என்றான். ஆமாம், அதனால்தான் வேண்டாம் என்றேன். அவனுக்கு விளங்கியிராது. குழாயின் வாய் எந்தப் பக்கம் வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். அவன் வியப்போடு பார்த்தான்.

"பின்னாலதானுங்க. இப்பெல்லாம் யாருங்க பக்கத்துல வெக்கறாங்க? உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணுமே கேக்காதுங்க."

உண்மைதான். புது லாரிகளில் டிரைவரின் அறையைக் கண்ணாடி போட்டு அடைத்துவிடுகிறார்கள், குளிர்காற்று வருகிறது, பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். நாமக்கல் வளைவில் இப்போது எந்த வண்டியும் எந்த வண்டியைப் போலவும்தான் ஒலிக்கிறது. பந்தயம் கட்ட டீக்கடையில் ஆளில்லை. சத்தம் கேட்டு உலையில் அரிசி போடுகிற வீடும் இல்லை. அப்படிப் போட்டுக்கொண்டிருந்த என் மனைவியும் இல்லை. பெரியப்பா இல்லை. பாய் இல்லை, செவ்வாய்ப்பேட்டைக்கு அப்பால் அந்தப் புளியமரத்தின் இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. சூசையைத் தேடி, வெகு தாமதமாக, அவருடைய கோயிலுக்கு ஒருமுறை போனேன். கைவண்டி சூசையா, அவர் போய் எத்தனையோ வருஷமாகிறதே என்றார் மணியடிக்கிற கோயில்பிள்ளை. டிரைவர் சூசை என்று நான் திருத்திச் சொன்னேன். அப்படி ஒருவரை அவர் கேள்விப்பட்டதில்லை என்றார்.